ஒரு குதிரைக்கு ஒரு காப்பிக்கொட்டையா?



"மெயின்ஃப்ரேமா? அதெல்லாம் செத்துப் போச்சுப்பா!" நம் கேன்டீனில் யாரிடம் பேச்செடுத்தாலும் இதுதான் பதில். இன்னொரு கட்சியும் உண்டு. "வேலை மெதுவா ஓடுதா? புது மெஷின் வாங்கிப் போடு" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடும். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

முதலில் செத்துப்போன கதை. 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 வந்தபோது மாணவர்கள் அட்டைகளில் ஓட்டை போட்டுக் கட்டாகக் கொடுத்துவிட்டு, விடைக்காகக் காத்திருந்தார்கள். வேலைகளைச் சேர்த்துவைத்து, நடுவில் யாரும் குறுக்கிடாமல் மொத்தமாக ஓட்டுவதற்குத்தான் பேட்ச் என்று பெயர். அட்டை போய்விட்டது, பேட்ச் போகவில்லை. நீங்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட் 2019 டிசம்பர் முதல் நாள் முழுக்க ஓடுகிறதே, அதுவும் அரை மணிக்கு ஒன்றாக ஒரு நாளைக்கு 48 பேட்ச்தான். அமெரிக்க வங்கிகளின் ராத்திரிக் கணக்கு முடிப்பு இன்றைக்கும் பெரும்பாலும் மெயின்ஃப்ரேமில் நடக்கிறது. அவர்களுக்கு ராத்திரி, நமக்குப் பகல். சென்னையிலும் கோவையிலும் நம் பிள்ளைகள் உட்கார்ந்து அந்த ராத்திரிக்குக் காவல் இருக்கிறார்கள். விடிவதற்குள் வேலை முடியாவிட்டால் கிளை திறக்கும்போது இருப்பு சரியாகத் தெரியாது. போன் வரும் என்று கேள்வி. அன்பான போன் இல்லை.

இப்போது "புது மெஷின்" கட்சிக்கு வருகிறேன். இதற்கு நான் எங்க அப்பாவைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும்.

எங்க வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கொடைக்கானல் மலையில் பொதிக்குதிரை ஓட்டுகிறவர். வண்டிப்பாதை இல்லாமல் பல தலைமுறையாக இருந்த வெள்ளகவி மாதிரி ஊர்களில் காப்பியும் எலுமிச்சையும் கீழே இறங்குவதும், அரிசி, மண்ணெண்ணெய் மேலே ஏறுவதும் குதிரை முதுகில்தான். அவரிடம் போய், "அப்பா, ஒரு நடைக்கு ஒரே ஒரு காப்பிக்கொட்டையை ஏற்றிப் பெரியகுளம் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பி வாங்க" என்று சொன்னால் என்ன செய்வார்? எனக்குப் படிப்பு தலைக்கேறிவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார். ஆனால் கம்ப்யூட்டரிடம் நாம் அப்படித்தான் வேலை வாங்குகிறோம், அது வாய் திறப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். 80 பைட் ரெக்கார்டு 10 லட்சம் இருக்கிறது. (80 ஏன் என்றால், பழைய அட்டையில் 80 கட்டம். தாத்தா சொத்து!) 1989-இல் வந்த 3390 டிஸ்கில் ஒரு டிராக்கின் முழுக் கொள்ளளவு 56,664 பைட். பிளாக்குக்கு ஒரு ரெக்கார்டு என்று எழுதினால், ஒவ்வொரு பிளாக்குக்கும் இடையில் இடைவெளியும் அடையாளக் குறிப்பும் இடத்தைத் தின்றுவிடும். ஒரு டிராக்கில் வெறும் 78 ரெக்கார்டுதான் நிற்கும். அதையே பாதி டிராக்குக்கு ஒரு பிளாக் என்று 27,920 பைட்டாகக் கட்டினால் பிளாக்குக்கு 349, டிராக்குக்கு 698. முதல் வழியில் 12,821 டிராக் வேண்டும். இரண்டாம் வழியில் 1,433 போதும்.

இடத்தை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள். அந்த டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 14 மில்லி செகண்ட். ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு சுற்றுக் காத்திருக்கும்படி ஆகிவிட்டது என்று மோசமான நிலையையே வைத்துக்கொள்வோம். 10 லட்சம் நடைக்கு 14,000 செகண்ட், கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். பிளாக் கட்டினால் 2,866 நடை. நாற்பது செகண்ட்! இன்றைய ஸ்டோரேஜ் பெட்டிக்குள் அந்தப் பழைய டிஸ்க் சுற்றுவதில்லை. கேஷ் மெமரி இருக்கிறது. சிஸ்டத்திடம் மட்டும் "நான் 3390" என்று வேஷம் கட்டிக்கொள்கிறது. ஆகவே வித்தியாசம் இவ்வளவு பயங்கரமாக இருக்காது. ஆனாலும் ஒவ்வொரு நடைக்கும் பிராசஸருக்கு ஒரு கூலி உண்டு. 10 லட்சம் கூலி எங்கே, 2,866 கூலி எங்கே?

இதைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வரி. கோபால் புரோகிராமில் (ஆள் பெயர் இல்லை, மொழி!) "பிளாக் கன்டெய்ன்ஸ் 0 ரெக்கார்ட்ஸ்" என்று எழுத வேண்டும். பூஜ்யம் என்றால் அளவை ஜே.சி.எல்.லோ சிஸ்டமோ பார்த்துக்கொள்ளும் என்று பொருள். அந்த வரியை விட்டுவிட்டால், கம்பைலருக்கு வேறு உத்தரவு இல்லாதவரை, புதிதாக எழுதும் ஃபைலில் பிளாக்குக்கு ஒரே ரெக்கார்டுதான். குதிரைக்கு ஒரு கொட்டை!

பிளாக் என்பது மூட்டையின் அளவு. பஃபர் என்பது மூட்டையை இறக்கிவைக்கும் திண்ணை. நம் நோட்ஸில் பஃபருக்கு "தற்காலிக நினைவகம்" என்று இரண்டு மார்க் விடை இருக்கிறது. தவறில்லை, ஆனால் அதைப் படித்து ஒரு வேலையையும் வேகமாக்க முடியாது. அப்பாவிடம் ஒரே குதிரை இருந்தால், அது போய்வரும்வரை தோட்டத்தில் மூட்டை கட்டுகிறவன் சும்மா உட்கார வேண்டும். இரண்டு குதிரை இருந்தால் ஒன்று நடக்கும்போதே மற்றதில் ஏற்றலாம். பஃபரும் அப்படியே. ஒரு திண்ணையில் உள்ளதை புரோகிராம் எடுத்து வேலை செய்யும்போதே அடுத்த திண்ணை நிரம்பிக்கொண்டிருக்கும். வரிசையாகப் படிக்கும் சாதாரண ஃபைலுக்கு வழக்கமாகக் கிடைப்பது 5 பஃபர். மெமரி தங்க விலை விற்ற காலத்துக் கஞ்சத்தனம்! ஜே.சி.எல்.லில் பஃப்னோ என்ற இடத்தில் 30 என்று கொடுத்தால் பாதி டிராக் பிளாக்குக்கு ஆகும் மெமரி சுமார் எட்டரை லட்சம் பைட். உங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதைவிடப் பெரியது.

அதற்காக எல்லா இடத்திலும் திண்ணையைப் பெரிதாக்கு என்று நான் சொல்லவில்லை. விசாம் ஃபைலில் கணக்கு எண்ணைச் சொல்லி இங்கொன்றும் அங்கொன்றுமாக எடுக்கும்போது பெரிய மூட்டை வீண். ஒரு எலுமிச்சைக்காக ஒரு மூட்டையை அவிழ்ப்பதுபோல. அங்கே இன்டெக்ஸுக்குத்தான் பஃபர் கூட்ட வேண்டும். அதே ஃபைலை முதலிலிருந்து கடைசிவரை படிப்பதானால் டேட்டாவுக்குக் கூட்ட வேண்டும். வழக்கமாகக் கிடைப்பது டேட்டாவுக்கு 2, இன்டெக்ஸுக்கு 1. அந்த இரண்டிலும் ஒன்றை, ரெக்கார்டு சேர்த்து இடம் பிளக்கும் சமயத்துக்கென்று சிஸ்டம் ஒதுக்கிவைத்துக்கொள்ளும். மிச்சம் ஒரே குதிரை. எந்த வேலை எப்படிப் படிக்கிறது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் ஏற்றுகிறவனை நான் நம்ப மாட்டேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. பஃபரைக் கூட்டப் புரோகிராமைத் திறக்கவே வேண்டாம், ஜே.சி.எல்.லில் ஒரு வரி போதும். "டிப்ளமோக்காரனுக்கு ஷிப்ட்டில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிற வேலைதான்" என்று நம் காதுபடவே சொல்கிறார்கள். அந்தத் திரையிலேயே ஒவ்வொரு வேலையும் எத்தனை நடை போனது என்ற எண்ணிக்கை வருகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவன், "சார், இந்த ஃபைலுக்குப் பிளாக் கட்டவில்லை" என்று சொல்லலாம். அதைச் சொல்ல பி.இ. தேவையில்லை, பரம்பரைப் படிப்பும் தேவையில்லை. என்னைப் போல முதல் தலைமுறையாக வந்தவனுக்கு மெஷின் வாங்கித் தரச் சொல்லிக் கேட்கும் இடம் கிடைக்க வருஷக்கணக்காகும். இந்த ஒரு வரியைச் சொல்லும் இடம் வேலையில் சேர்ந்த முதல் மாதமே கிடைக்கும்.

"நம்மிடம் மெயின்ஃப்ரேம் ஏது?" என்பீர்கள். ஹெர்குலிஸ் என்ற மென்பொருளை 1999 முதல் இலவசமாகத் தருகிறார்கள். சாதாரணக் கம்ப்யூட்டரையே மெயின்ஃப்ரேமாக நடிக்க வைக்கும். அதன்மேல் எம்.வி.எஸ். 3.8 ஓடும். பழைய சிஸ்டம்தான், ஆனால் பிளாக்கும் பஃபரும் ஜே.சி.எல்.லும் அசல். நடிப்பு டிஸ்கில் சுற்று நேரம் கிடையாது. ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல் நடை எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். சங்கச் செயலாளரிடம் நான் கொடுத்திருக்கும் மனுவும் இதுதான்: மூன்றாம் ஆண்டு லேபில் மூலையில் தூசி படிந்து கிடக்கும் கம்ப்யூட்டர்களில் இரண்டை இதற்கு ஒதுக்க வேண்டும், வாரம் ஒரு மத்தியானம். முதல் பயிற்சியையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். எம்.வி.எஸ். 3.8-க்குப் பழக்கமான 3350 டிஸ்கில் ஒரு டிராக் 19,069 பைட். 80 பைட் ரெக்கார்டை அதில் எந்த அளவு பிளாக்காகக் கட்டினால் இடம் வீணாகாது? விடை தெரிந்தவர்கள் மெக்கானிக்கல் பிளாக் பின்னாலுள்ள புங்கமரத்தடிக்கு வரலாம். சாயங்காலம் நாலரைக்கு மேல் பஸ் வரும்வரை அங்கேதான் இருப்பேன்.