மானுக்குத் தொட்டி அடிக்க வேண்டாம்

கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வேன் பிடித்துத் திருகோணமலையின் திருக்கோணேஸ்வரம் கோவிலுக்குப் போகும் குடும்பங்கள், சுவாமியைக் கும்பிடுவதற்கு முன்பே மான்களைப் பார்த்துவிடுகின்றன. கோவிலுக்குப் போகும் வழியான பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டினால் மர நிழலில் புள்ளிமான்கள் படுத்திருக்கும். கையில் பை இருக்கிறவரைக் கண்டால் சில எழுந்து கிட்டவே வந்துவிடும். வாழைப்பழம், பாண், பிஸ்கட் எல்லாம் பிள்ளைகளின் கையிலிருந்து அவற்றின் வாய்க்குப் போகின்றன.

இந்தப் பாசம் ஒரு படி மேலே போனால், நாலு பலகை வாங்கித் தீவனத் தொட்டி ஒன்று அடித்து வைப்போமே என்று தோன்றும். வாயில்லாச் சீவனுக்குச் சாப்பாடு போடுவதைப் புண்ணியமாகக் கருதும் நமக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனாலும் அந்தத் தொட்டி வேண்டாம். அது மானுக்குக் கெடுதி.

மான் அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தாம் புல்லையும் இலையையும் செரிக்க வைக்கின்றன. புது உணவுக்கு அவை பழக வாரக்கணக்கில் ஆகும். திடீரென்று பாணும் சோறும் தானியமும் நிறையப் போனால் மாச்சத்து வேகமாகப் புளித்து வயிற்றில் அமிலம் ஏறும். வயிறு நிரம்பிய மானே அதனால் செத்துப்போகலாம்.

அடுத்தது நோய். மேய்ச்சலில் பரவி நிற்கும் மந்தை, தொட்டியைக் கண்டால் ஒரே இடத்தில் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும். பலகையில் ஊறிய எச்சிலைக் கழுவிப் போக்குவதும் லேசல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1990களில் காட்டு மான்களிடையே மாட்டுக் காசநோய் பரவியபோது, மனிதர்கள் குவித்து வைத்த தீவனம் அதற்கு முக்கிய காரணமாகக் கண்டறியப்பட்டு, நோய் கண்ட பகுதிகளில் தீவனம் வைப்பது தடைசெய்யப்பட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? உடவளவையில் தணமல்வில வீதியோர மின்வேலிக்குப் பின்னால், வாகனங்களில் வருவோர் நீட்டும் பழத்துக்காக யானைகள் காத்து நிற்கின்றன. பழத்தோடு பொலித்தீன் பையும் அவற்றின் வயிற்றுக்குள் போகிறது. ஹோட்டன் சமவெளியில் மரைகள் வாகனத் தரிப்பிடத்துக்கே வந்து பழகிவிட்டன. அங்கே நுழைவாயிலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை அகற்றுகிறார்கள். திருகோணமலையிலோ மான்கள் ஊருக்குள்ளேயே வாழ்கின்றன. வீதியிலும் கடற்கரையிலும் குப்பைமேட்டிலும் மேய்கின்றன. செத்த மான்களின் வயிற்றில் பொலித்தீன் இருந்ததாகச் செய்திகள் பல தடவை வந்துவிட்டன. உணவின் உப்பும் எண்ணெயும் ஒட்டிய பொலித்தீனை மான் சாப்பாடாகவே எடுத்துக்கொள்கிறது. அது செரிக்காது, வெளியேறவும் மாட்டாது. வயிற்றை அடைத்துக்கொண்டு, மானைப் பட்டினியில் கொன்றுவிடும்.

2017 செப்டெம்பரில், சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் ஷீட் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் பயணத்துக்குக் கட்டும் சோற்றுப் பார்சலில் பொலித்தீன் இன்னும் போனபாடில்லை. கோட்டைக்குள் அதை விரித்துச் சாப்பிட்டுவிட்டு, மரத்தடியில் சுருட்டிப் போட்டு வருகிறவர்களில் கொழும்புக்காரர்களும் உண்டு. மானுக்குப் பழம் கொடுத்த அதே கை செய்கிற காரியம் இது. மனம் பொறுக்கவில்லை.

வெயில் காலத்தில் புல் கருகும்போது மான்கள் என்ன செய்யும் என்று கேட்பது நியாயம். கிழக்கில் மே முதல் செப்டெம்பர் வரை வறட்சி கடுமையானது. அப்போது முதலில் வேண்டியது சுத்தமான தண்ணீர். அதோடு புல்வெளிக்குக் கொஞ்சம் நிலமும் ஒதுக்க வேண்டும். தீவனம் கட்டாயம் என்றால், எதை எவ்வளவு கொடுப்பது என்பதை வனஜீவராசிகள் திணைக்களத்தின் மிருக வைத்தியர் சொல்லட்டும். ஆளாளுக்குத் தொட்டி வைத்தால், மேய்ச்சல் தாங்காத அளவுக்கு மந்தை பெருகி, பசியும் கூடவே பெருகும்.

பலகையும் ஆணியும் கையில் இருந்தால் அவற்றுக்கு நல்ல வேலை உண்டு. நகர நிருவாகத்திடம் அனுமதி பெற்று, மான் மூக்கால் தள்ளித் திறக்க முடியாத மூடியோடு குப்பைப் பெட்டிகள் செய்து கொடுங்கள். கோவிலுக்குப் போகிறவர்கள் சோற்றை வாழையிலையில் கட்டிக்கொண்டு போங்கள். பொலித்தீன் ஏதாவது கொண்டுபோனால் அதைத் திரும்ப வேனிலேயே ஏற்றி வெள்ளவத்தைக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

மானைப் பிள்ளைகளுக்கு எட்ட நின்று காட்டுங்கள். கையில் எதையும் கொடுத்து அனுப்பாதீர்கள்.