ஒரு வயது ஷெப்பர்டுக்கு ஒரு வீடு



சென்னையில் நம் வாசகி ஒருவர், ஒரு நாய்க்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறார். ஜெர்மன் ஷெப்பர்ட். வயது ஒன்று, ஒன்றே கால் இருக்கலாம் என்கிறார் கால்நடை மருத்துவர். கழுத்தில் பட்டையோடு தெருவில் திரிந்ததாம். எலும்பும் தோலுமாக வந்தது, இப்போது உடம்பு தேறிவிட்டது. தடுப்பூசியும் கருத்தடையும் ஆகிவிட்டன.

கேட்டு வந்தவர்களில் பலர், "பெரிய காம்பவுண்டு இருக்கு, கேட் பக்கத்துல கட்டிப் போட்டுக்கறோம்" என்றார்களாம். வாசகி தர மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

ஜெர்மன் ஷெப்பர்ட், அதாவது அல்சேஷன் என்றாலே நமக்குப் போலீஸ் நாயும் காவல் நாயும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இது ஆட்டு மந்தையோடு வளர்ந்த இனம். ஜெர்மனியில் 1899-இல் இதைத் தனி இனமாகப் பதிவு செய்தவர் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ். குதிரைப்படையில் அதிகாரியாக இருந்தவர். அங்கே பல ஊர்களில் மேய்ச்சல் நிலத்தை ஒட்டியே பயிர் நிற்கும், நடுவில் வேலி இருக்காது. இந்த நாய்தான் வேலி. மந்தையின் ஓரமாக நாளெல்லாம் போவதும் வருவதுமாக இருந்து, பயிரில் வாய் வைக்கப் போகும் ஆட்டைத் திருப்பிவிடும். மேய்ப்பர் என்ன சொல்கிறார் என்பதில் ஒரு கண் வைத்திருக்கும்.

அப்படிப்பட்ட பிறவியைச் சங்கிலியில் கட்டினால் என்ன செய்யும்? நாள் முழுக்கக் குரைக்கும். செருப்பைக் கடித்துக் குதறும். கேட்டைத் தாண்டும் ஒவ்வொரு ஸ்கூட்டர் மீதும் பாயப் பார்க்கும். வீட்டுக்குள் குழந்தைகள் ஓடினால் சுற்றி வந்து, கணுக்காலில் பல்லை வைத்து மடக்கப் பார்க்கும். பாதி வீடுகளில் 'நாய்க்கு வெறி' என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். அது வெறி அல்ல. ஆட்டைத் திருப்பிய பழக்கம், ரத்தத்தில் வந்தது. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் அடங்கும். ஆனால் தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு இந்த நாய் இப்போதைக்கு வேண்டாம்.

இப்படி ஒரு நாய் தெருவுக்கு வருவது எப்படி? இரண்டு மாதக் குட்டியாக வாங்கும்போது பஞ்சுப் பொதி மாதிரி இருக்கிறது. ஒரு வயதில் முப்பது கிலோ. அப்போதுதான் 'ஃப்ளாட்டுக்குச் சரிப்படவில்லை' என்று காரில் ஏற்றி எங்கோ இறக்கிவிடுகிறார்கள். வளர்த்த பிராணியைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், சோறு போட்டவர்களுக்கு அப்படிச் செய்ய எப்படி மனசு வருகிறது?

நாங்கள் தேடுவது பங்களா அல்ல. காலையில் தவறாமல் நடக்கிறவர்கள் இருக்கும் இரண்டு பெட்ரூம் வீடு போதும். நாய் இழுத்தால் பிடித்து நிறுத்தத் தெம்புள்ள ரிட்டயரானவர்கள் என்றால் ரொம்ப நல்லது. ஏழு மணிக்கு முன்பும் வெயில் இறங்கிய பிறகும் நடக்க வேண்டும். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். வெயிலுக்கு என்று முடியை மழித்துவிடாதீர்கள், அந்த இரட்டை ரோமம்தான் அதன் தோலுக்குக் காப்பு. மீதி நேரத்துக்கு அதற்கு ஒரு வேலை கொடுங்கள். சாப்பாட்டை ஒளித்து வைத்துத் தேடச் சொன்னால்கூடப் போதும், அசதியோடு படுத்துவிடும்.

அடுக்குமாடி அசோசியேஷன்காரர்கள் நாயே கூடாது என்று தடுக்க முடியாது, விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதலே இருக்கிறது. வாடகை வீடு என்றால் மட்டும் ஓனரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

வந்த புதிதில் நாய் சில வாரம் மூலையில் ஒடுங்கிக் கிடக்கலாம். பிறகுதான் சுயரூபம் தெரியும். சமாளிக்கவே முடியவில்லை என்றால் வாசகியிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

விருப்பமுள்ளவர்கள் எனக்கு எழுதுங்கள், வாசகியிடம் சேர்த்துவிடுகிறேன். வீடு எத்தனை சதுர அடி என்பது வேண்டாம். காலை ஆறு மணிக்கு வீட்டில் யார் எழுந்திருப்பார்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நாய் யாரோடு இருக்கும் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்