நார்க்கஞ்சா சாகுபடி: நட்டம் யார் தலையில்?

உத்தரகண்ட் மாநிலத்தின் குமாவுன், கட்வால் மலைகளில் கஞ்சாச் செடி புதிய பயிர் அல்ல. 'பாங்க்' என்ற பெயரில் வீட்டுக் கொல்லையிலும், மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய எரு நிலத்திலும் தலைமுறை தலைமுறையாக அது வளர்ந்து வருகிறது. அதன் விதையை வறுத்து, எலுமிச்சைச் சாறும் மிளகாயும் சேர்த்து அரைக்கும் துவையல் அங்கே அன்றாட உணவு. பட்டையை உரித்து எடுத்த நார் கயிறாகவும் சாக்காகவும் பயன்பட்டது. நார் உரித்த தட்டை அடுப்புக்குப் போயிற்று. விதையிலும் நாரிலும் போதை இல்லை. பூங்கொத்தில் சுரக்கும் பிசினில்தான் அது இருக்கிறது.

சித்திரை, வைகாசியில் விதைத்து மழைக்காலம் முழுவதும் வளரவிடுவார்கள். நாருக்கென்றால் நெருக்கி விதைக்க வேண்டும். செடி கிளைக்காமல் ஆளுயரத்துக்கு மேல் நேராகப் போகும். விதைக்கென்றால் கலக்கி விட வேண்டும். இச்செடியில் ஆண் வேறு, பெண் வேறு. பூத்து மகரந்தம் உதிர்த்ததும் ஆண் செடியை நாருக்காக முதலில் அறுத்துவிடுவார்கள். பெண் செடி விதை முற்றும் வரை, ஐப்பசி கார்த்திகை வரை நிற்கும். அறுத்த தண்டை நீரில் ஊறப்போட்டு நார் உரிப்பது, நம் பக்கத்தில் புளிச்சை, சணப்பைத் தண்டை ஊறவைப்பது போலத்தான். (ஆங்கிலத்தில் சணப்பைக்கும் இதற்கும் 'ஹெம்ப்' என்ற ஒரே சொல் ஒட்டிக்கொண்டிருப்பதால் பலர் குழம்புகிறார்கள். சணப்பை அவரைக் குடும்பத்துத் தழையுரப் பயிர். இரண்டுக்கும் உறவே கிடையாது.)

குரங்கும் காட்டுப்பன்றியும் இதைத் தொடுவதில்லை என்று மலை விவசாயிகள் சொல்கிறார்கள். அது அங்கே சிறிய விஷயம் அல்ல. கோதுமையையும் கேழ்வரகையும் காட்டு விலங்குக்குக் கொடுத்துவிட்டு, ஊரையே காலி செய்துகொண்டு போனவர்கள் ஏராளம். 2011-க்குப் பிறகு 734 குடியிருப்புகள் ஆளில்லாமல் போயின என்று அம்மாநில இடப்பெயர்வு ஆணையம் 2018-ல் கணக்குச் சொன்னது. அப்படிப்பட்ட நிலத்துக்கு ஏற்ற பயிர் இது என்பதில் ஐயமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டப்படி, அனுமதியின்றிக் கஞ்சாச் செடி பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவலும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு, நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட அரசு உத்தரவிட்டு அனுமதிக்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் உத்தரகண்ட் அரசு நுழைந்தது. 2018-ல் ஓர் அமைப்புக்கு 1,000 ஹெக்டேரில் முன்னோடிச் சாகுபடிக்கு உரிமம் கொடுத்தது. நிபந்தனை ஒன்றுதான் முக்கியமானது. செடியில் டி.எச்.சி. என்ற போதைச் சத்து 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது காய்ந்த 100 கிலோ சரக்கில் 300 கிராம். தாண்டினால் பயிரை அழித்துவிட வேண்டும். விதையையும் விதை எண்ணெயையும் மாவையும் உணவாக விற்கலாம் என்று 2021-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அனுமதி தந்ததால், சந்தையும் திறந்தது.

அந்த 0.3 சதவீதத்தில்தான் சிறு விவசாயி மாட்டிக்கொள்கிறான்.

இந்த எண் எங்கிருந்து வந்தது? கனடாவின் எர்னஸ்ட் ஸ்மால், அமெரிக்காவின் ஆர்தர் கிரான்கிஸ்ட் என்ற இரு தாவரவியலார், 1976-ல் செடிகளை வகை பிரிப்பதற்காகப் போட்ட கோடு அது. ஒட்டாவாவில் வளர்த்துப் பார்த்த செடிகளை வைத்துப் போட்ட கோடு. அதையே பல நாடுகள் சட்டமாக்கிவிட்டன. மத்தியச் சட்டத்தில் இப்படி ஓர் அளவே கிடையாது.

மலையில் நிலத்தை 'நாலி' கணக்கில் அளப்பார்கள். ஒரு நாலி என்பது சுமார் 5 சென்ட். பத்து நாலியில் பயிரிட்டவன் உழவு, எரு, விதை, களை என்று எல்லாச் செலவையும் செய்து முடித்த பிறகுதான் சோதனை வருகிறது. பூ முற்ற முற்ற அந்தச் சத்து ஏறிக்கொண்டே போகும் குணம் உடையது. இன்று மாதிரி எடுத்தால் தேறுகிற வயல், இரண்டு வாரம் கழித்து எடுத்தால் தேறாமல் போகலாம். அதிகாரி வர நாளானால் பழி யார் மேல்? அமெரிக்காவில் இந்தச் சிக்கல் வந்தபோது, அறுவடைக்கு முன் மாதிரி எடுக்கும் காலத்தை 15 நாளிலிருந்து 30 நாளாக 2021-ல் நீட்டினார்கள்.

விதையின் கதை இன்னும் மோசம். இமயமலைச் சரிவெங்கும் காட்டுக் கஞ்சா தானாக மண்டிக் கிடக்கிறது. இது காற்றில் மகரந்தம் பறக்கும் செடி. அந்த மகரந்தம் வயலில் விழுந்தால் இந்த ஆண்டுச் செடியின் சத்து மாறாது; ஆனால் அதில் விளைந்த விதையைப் பத்திரப்படுத்தி மறு ஆண்டு விதைத்தால் அளவு எகிறிவிடும். ஆகவே சொந்த விதை கூடாது, ஆண்டுதோறும் வெளியே வாங்க வேண்டும். ஐரோப்பிய விதையை இறக்கினாலும் தீராது. பகல் குறையும்போது பூக்கும் பயிர் இது. கோடையில் வட பிரான்சில் பகல் 16 மணி நேரம், பௌரியில் 14. அங்கே பழகிய விதை இங்கே உயரம் போகுமுன் பூத்துவிடும், நார் தேறாது. மதுரையில் நீண்ட பகலே 12¾ மணிதான். 'ஹெம்ப் விதை, ஏக்கருக்கு லட்சம்' என்று ஆசை காட்டிக்கொண்டு யாரேனும் தமிழக விவசாயியிடம் வந்தால், பத்தாண்டுச் சிறையோடு இந்த மணிக் கணக்கையும் நினைத்துக்கொள்வது நல்லது.

விதையைத் தேர்ந்தெடுப்பவன் விவசாயி அல்ல, விற்பவன். சோதனை நாளைக் குறிப்பவனும் விவசாயி அல்ல. நட்டம் மட்டும் விவசாயிக்கு. வாங்குபவன் சொன்னதே விலை என்று கண்வலிக் கிழங்கு விதையில் பட்ட மூலனூர், ஒட்டன்சத்திரம் விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனவே, அந்த மலையிலேயே மூன்று பருவம் விளைவித்துப் பார்த்த விதைக்கு மட்டுமே அரசு சான்று தர வேண்டும். சான்று பெற்ற விதையை ரசீதோடு வாங்கி விதைத்த பிறகும் அளவு கூடினால், சாகுபடிச் செலவை விதை கொடுத்தவரிடம் வசூலித்துத் தர வேண்டும். முழுப் பயிரையும் கொளுத்த வேண்டிய அவசியமும் இல்லை. சட்டம் கஞ்சா என்று வரையறுப்பது பூத்த, காய்த்த நுனிகளைத்தான். தண்டு அதில் சேராது. நுனியை அதிகாரி முன்னிலையில் எரித்துவிட்டுத் தண்டை விவசாயிக்கு விட்டால், பாதி மூச்சாவது வரும்.

நாருக்கு என்று சொல்லிப் போதைக்குப் பயிரிடுவார்களே என்று அதிகாரிகள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. அதற்குத்தான் உரிமமும் சர்வே எண்ணும் இருக்கின்றன. நெருக்கி விதைத்துக் கிளையின்றி நிற்கும் நார் வயலைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்லிவிடலாம்.

ஹிமாசலப் பிரதேச அமைச்சரவை 2025 ஜனவரியில், பாலம்பூர், நௌனி வேளாண் பல்கலைக்கழகங்கள் மூலம் முன்னோடி ஆய்வு நடத்த ஒப்புதல் தந்தது. எண்ணெய் எவ்வளவு, நார் எவ்வளவு என்று அளப்பதோடு, அவர்கள் விதையையும் அந்தந்த உயரத்தில் விளைவித்துச் சோதித்துத் தர வேண்டும். அளவு கூடினால் யார் பணம் கட்டுவது என்ற வரியை, முதல் உரிமம் வழங்குமுன் விதிப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும்.