படத்தின் எல்லையும் இயந்திரத்தின் ஊகமும்

ஸ்ரீரங்கப்பட்டணத்தில், கோட்டைக்குக் கிழக்கே காவிரியின் கரையை ஒட்டி, தரியா தௌலத் என்னும் கோடைகால மாளிகை நிற்கிறது. திப்பு சுல்தான் காலத்தில், 1784இல், பெரும்பாலும் தேக்கு மரத்தால் எழுப்பப்பட்ட இம்மாளிகையின் மேற்குச் சுவரில் புள்ளலூர்ப் போர் வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளது. 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகே நிகழ்ந்த அப்போரில், கர்னல் பெய்லியின் கம்பெனிப் படை ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் தோல்வியுற்றது. சதுர அணியாக நெருங்கி நிற்கும் செங்குப்பாயச் சிப்பாய்கள், நடுவே பல்லக்கில் பெய்லி, வெடித்துச் சிதறும் மருந்துவண்டி, சூழ்ந்து வரும் மைசூர்க் குதிரைப்படை ஆகிய யாவும் அச்சுவரில் உள்ளன.

இச்சித்திரத்தை ஒரே புகைப்படத்தில் அடக்குதல் எளிதன்று. சுவர் நீளமானது, தாழ்வாரம் ஒடுக்கமானது, பின்வாங்கி நின்றாலோ தூண்கள் குறுக்கிடும். வெயிலினின்று வண்ணங்களைக் காக்கும்பொருட்டு மாளிகையைச் சுற்றிப் பச்சைத் திரைகள் தொங்கவிடப்பட்டுள்ளமையால் வெளிச்சமும் குறைவு. ஆகவே பார்வையாளர் எடுத்துச் செல்லும் படங்களிற் பெரும்பாலானவை துண்டுகளே. ஒன்றில் யானை பாதியில் நிற்கும். மற்றொன்றில் குதிரையின் முன்கால் மட்டும் தெரியும். இத்தகைய துண்டை இன்று ஒரு கணிப்பொறிக் கருவியிடம் கொடுத்தால், அது சில நொடிகளில் யானையை முடித்துவைத்து, குதிரைக்கு உடலும் வீரனும் அளித்து, படத்தை நான்கு புறமும் வேண்டிய மட்டும் நீட்டித் தந்துவிடும். ஒட்டுத் தெரியாது. நிறமும் பொருந்தும். இப்படம் வகுப்பறைச் சுவரிலோ அலுவலகக் கோப்பிலோ இடம்பெறலாமா என்பதே இங்குக் கேள்வி.

இக்கருவிகளின் வரலாறு மிகக் குறுகியது. 2022 ஆகஸ்டில் ஓப்பன்ஏஐ நிறுவனம் டால்-ஈ என்னும் தன் கருவியில் இவ்வசதியைச் சேர்த்தது. அதற்குக் காட்டப்பட்ட எடுத்துக்காட்டு, டச்சு ஓவியர் வெர்மீரின் முத்துத் தோடணிந்த பெண்ணின் படம். மூலத்தில் அப்பெண்ணின் பின்னே இருளன்றி வேறொன்றுமில்லை. கருவியோ அவளைச் சுற்றிச் சாமான்கள் நிறைந்த ஓர் அறையையே அமைத்துவிட்டது. 2023இல் ஃபோட்டோஷாப்பிலும், 2024 ஜனவரியில் வெளிவந்த சாம்சங் கைப்பேசிகள் சிலவற்றிலும் இதனையொத்த வசதிகள் வந்தன. கோணலாக எடுத்த படத்தை நிமிர்த்தும்போது மூலைகளில் வெற்றிடம் தோன்றுமல்லவா? அதைக் கைப்பேசியே வரைந்து நிரப்பிவிடும்.

இயந்திரம் இதனைச் செய்யும் முறையை அறிந்தால் பாதி மயக்கம் தெளியும். முதலில் அதற்குக் கோடிக்கணக்கான படங்கள், அவற்றை விளக்கும் சொற்களுடன், பயிற்சியாகக் கொடுக்கப்படுகின்றன. 2022இல் வெளியிடப்பட்ட லயான் என்னும் ஒரு தொகுப்பில் மட்டும் 500 கோடிக்கு மேற்பட்ட இணைகள் உண்டு. ஒவ்வொரு படத்தின்மீதும் சிறிது சிறிதாகப் புள்ளிக் குழப்பத்தைத் தூவி, அக்குழப்பத்தை நீக்கக் கற்பிப்பதே பயிற்சியின் சாரம். படத்தை நீட்டச் சொல்லும்போது, எல்லைக்கு அப்பாலுள்ள வெற்றிடத்தை அது வெறும் குழப்பத்தால் நிரப்பிக்கொள்கிறது. பின்னர், உள்ளே இருக்கும் பகுதியோடு பொருந்தும்படி படிப்படியாக அக்குழப்பத்தைத் தெளிவிக்கிறது. ஆகவே அது விடையளிக்கும் வினா, “இவ்வோரத்துக்கு அப்பால் என்ன இருந்தது?” என்பதன்று. “இத்தகைய ஓரத்தை அடுத்து இத்தகைய படங்களில் வழக்கமாக என்ன வரும்?” என்பதே. அதே துண்டை நான்கு முறை கொடுத்தால் நான்கு வெவ்வேறு யானைகள் வரும். கண்டு சொல்லும் சாட்சி இவ்வாறு மாற்றி மாற்றிச் சொல்வதில்லை.

தரியா தௌலத் சுவரில் இவ்வழக்கம் எவ்விதம் செல்லும்? அச்சித்திரக்காரர்கள் ஐரோப்பிய முறையில் ஒரே கண்ணோட்டத்தில் நின்று வரைந்தவர்களல்லர். தொலைவும் அண்மையும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. முகங்கள் பக்கவாட்டில் வரிசையாகத் திரும்பி நிற்கின்றன. இம்முறையில் அமைந்த பதினெட்டாம் நூற்றாண்டு மைசூர்ச் சுவரோவியங்கள் உலகில் எத்தனை இருக்கக்கூடும்? ஐரோப்பியப் போர் ஓவியங்களோ ஆயிரக்கணக்கில் அச்சாகிப் பரவியவை. இயந்திரத்தின் வழக்கம் எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. சுவரில் இல்லாத அடிவானம் ஒன்றும், அதன்கீழ் மங்கி மறையும் மலைத்தொடர் ஒன்றும் நீட்டிய படத்தில் முளைத்தால் வியப்பில்லை.

இஃது அழகுணர்ச்சி பற்றிய குறை மட்டுமன்று. பழைய போர்ச் சித்திரங்கள் விஞ்ஞான வரலாற்றுக்குச் சான்றாகவும் பயன்படுகின்றன. 1960களில் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்துக்குச் சென்ற அப்துல் கலாம், அங்கே மாட்டப்பட்டிருந்த ஒரு போர்ச் சித்திரத்தில் திப்புவின் படையும் அதன் ராக்கெட் வாணங்களும் இடம்பெற்றிருந்ததைத் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். 2018இல் சிவமொக்கா மாவட்டத்து நகரம் என்னும் ஊரில், ஒரு கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட இரும்பு வாணக் கூடுகள் எடுக்கப்பட்டன. இரும்புக் கூட்டைச் சித்திரத்தோடு ஒப்பிட விரும்பும் மாணவன், சித்திரத்தின் எப்பகுதி அக்காலத்தது, எப்பகுதி சென்ற வாரத்தது என்று அறியாவிடில் அவனது ஒப்பீடு யாதாகும்? இயந்திரம் வரைந்த வாணத்தை அளந்து, திப்புவின் வாணம் இவ்வளவு நீளமென்று குறித்துக்கொள்வான். பிழை அவனுடையதன்று, படத்தைக் கொடுத்தவருடையது.

இதற்கு மறுப்பொன்று கூறப்படலாம். அச்சுவரே பன்முறை திருத்தி எழுதப்பட்டதுதானே? உண்மையே. முற்றுகைக்கு முன் இச்சித்திரங்கள் சிதைக்கப்பட்டன என்றும், 1799க்குப் பின் அம்மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி அவற்றை மீண்டும் தீட்டச் செய்தார் என்றும், பின்னர் அவை மறுபடி மங்கியபோது, 1850களில் அங்கு வந்த டல்ஹௌசி பிரபு, மூலத்தை நினைவில் வைத்திருந்த ஓர் இந்திய ஓவியரைக் கொண்டு புதுப்பிக்க ஆணையிட்டார் என்றும் லூயி ரைஸின் மைசூர் கெஜட்டியர் கூறுகிறது. நினைவைக் கொண்டு நிரப்புவது தகுமானால், இயந்திரத்தைக் கொண்டு நிரப்புவது ஏன் தகாது என்று கேட்பார் உண்டு.

வேற்றுமை தெளிவானது. அந்த ஓவியர் அச்சுவரைக் கண்டவர். அவர் நினைவு பிழைத்திருக்கலாம். ஆயினும் அது அச்சுவரைப் பற்றிய நினைவு. இயந்திரத்துக்கு அச்சுவரைப் பற்றிய நினைவு என்று ஒன்றில்லை. மேலும், அப்புதுப்பித்தலாற் கிடைத்த பயனோடு ஒரு நட்டமும் சேர்ந்தே வந்தது என்பதை மறத்தலாகாது. எக்கோடு 1784க்கு உரியது, எக்கோடு 1850களுக்கு உரியது என்று சுவரின் முன் நிற்கும் பார்வையாளர் பிரித்தறிய அங்கே எவ்வித அடையாளமும் இடப்படவில்லை. இத்தகைய அனுபவங்கள் உலகெங்கும் சேர்ந்தே 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் உருவாயிற்று. ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நிற்கவேண்டும் என்பதும், புதிதாகச் சேர்ப்பது பழையதினின்று வேறாகத் தெரியவேண்டும் என்பதும் அதன் விதிகள். கட்டடங்களுக்கு வகுத்த இவ்விதிகள் புகைப்படக் கோப்புகளுக்கும் நன்றாகவே பொருந்தும்.

காணாததைக் கண்டதுபோல் விரித்துக் காட்டும் ஆசை இயந்திரத்தோடு பிறந்ததன்று. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. மறு ஆண்டே லண்டனில் ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர் அந்நிகழ்ச்சியை 120 அடி நீளத் திரையில் தீட்டிக் காட்சிக்கு வைத்தார். அவர் இந்தியாவை அதுவரை கண்டதில்லை. மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். கோட்டையை நேரிற் கண்டதாகவே எண்ணித் திரும்பியிருப்பர். அத்திரை பிற்காலத்தில் அழிந்தது; அதைத் தழுவிய அச்சுப் படங்கள் இன்றும் நூல்களில் உலவுகின்றன. இதற்கு மாறாக, 1791–92இல் காரன்வாலிஸ் படையுடன் மைசூர் நாட்டில் பயணம் செய்த ராபர்ட் ஹோம், இடங்களை நேரிற் பார்த்து வரைந்து 1794இல் வெளியிட்டார். அவருடைய படங்கள் சிறியவை, ஆரவாரமற்றவை. மலைக்கோட்டையின் அமைப்பை அறிய விரும்பும் ஆசிரியர் எதை நாடவேண்டும் என்பது வெளிப்படை.

இயந்திரத்தை முற்றிலும் விலக்கவேண்டும் என்பது இதன் பொருளன்று. ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் அருங்காட்சியகம் 2021இல் செய்த வேலை இதற்கு நல்ல சான்று. ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ என்னும் பேரோவியம், 1715இல் வேறோர் இடத்தில் மாட்டுவதற்காக நான்கு பக்கமும் வெட்டப்பட்டது; இடப்புறம் மட்டும் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் போயிற்று. வெட்டுவதற்கு முன் கெரிட் லுண்டென்ஸ் என்பவர் எழுதிய சிறு நகல் ஒன்று தப்பியிருந்தது. ஆய்வாளர்கள் அந்நகலை ஆதாரமாகக் கொண்டு, ரெம்பிராண்டின் நடையைக் கணிப்பொறிக்குப் பயிற்றி, இழந்த ஓரங்களைத் தயாரித்தனர். இங்குக் கவனிக்க வேண்டியவை பல. ஆதாரம் இருந்தது. மூலத்தின்மேல் ஒரு துளி வண்ணமும் படவில்லை. ஓரங்கள் தனித் தகடுகளாகச் சுற்றிலும் பொருத்தப்பட்டன. இவை புனரமைப்பு என்பது பார்வையாளருக்கு அறிவிக்கப்பட்டது. சில மாதங்களில் அவை கழற்றவும் பட்டன. புள்ளலூர்ச் சித்திரத்துக்கும் காகிதத்தில் எழுதிய நகல் உண்டு. ஏறத்தாழ 32 அடி நீளமுள்ள அத்தகைய நகலொன்று 2022 மார்ச்சில் லண்டனில் ஏலம் போயிற்று. சுவரில் மங்கிய பகுதிகளைப் பற்றி அறிய விரும்புவோர் முதலில் செல்லவேண்டிய இடம் அதுபோன்ற நகல்களே.

கள ஊழியர்களைப் பொறுத்தவரை விதி இன்னும் கடுமையாக இருத்தல் வேண்டும். பதிவுக்காக எடுக்கும் படத்தை ஒரு விரற்கடையேனும் நீட்டலாகாது. சுவரில் ஈரக்கசிவு படத்தின் ஓரம்வரை வந்து நிற்பதாகக் கொள்வோம். நீட்டிய படத்தில் இயந்திரம் அக்கசிவை அங்கேயே முடித்து, அப்பால் உலர்ந்த சுவரை வரைந்துவிடலாம். அடுத்த ஆண்டு வரும் அலுவலர், கசிவு புதிதாகப் பரவியது என்று எண்ணிக் கூரையைப் பிரிக்கச் சொல்வார். நெல்லில் குலைநோய் தாக்கிய இலையின் நுனி படத்தில் வெட்டுண்டிருந்தால், இயந்திரம் பச்சை நுனியைத் தந்து நோயின் அளவைக் குறைத்துவிடும். ஆற்றின் அளவுகோல் பாதி தெரியும் படத்தில் எஞ்சிய எண்களையும் அது எழுதிவைக்கும். அவ்வெண்கள் வரிசையில் இருக்கும் என்பதற்குக்கூட உறுதியில்லை. படம் எங்கே முடிகிறது என்பதும் ஒரு தகவலே. “இதற்கு அப்பால் பார்க்கப்படவில்லை” என்று அவ்வோரம் நேர்மையாகச் சொல்கிறது.

அகன்ற காட்சி வேண்டுமெனில் வேறு வழியுண்டு. நின்ற இடத்தினின்று சிறிது சிறிதாக நகர்ந்து, ஒவ்வொரு படமும் முந்தியதன் பெரும்பகுதியை உள்ளடக்குமாறு பல படங்கள் எடுத்து, அவற்றை ஒட்டலாம். விமானப் படமெடுப்பில் அடுத்தடுத்த படங்கள் 60 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுப்பது நில அளவையாளர் நெடுநாளாகக் கைக்கொண்ட வழக்கம். ஒட்டுதலில் ஒவ்வொரு புள்ளியும் காமிரா கண்டதே, நீட்டுதலில் அப்படியன்று. விளைவைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதனாலேயே இவ்வேற்றுமையை வற்புறுத்த வேண்டியிருக்கிறது. படத்தில் ஓர் அளவுகோலை வைத்தலும், கைப்பேசியில் தானாக நிரப்பும் வசதி உள்ளதா எனப் பார்த்து அதை நிறுத்திவைத்தலும், மூலக் கோப்பைத் திருத்தாமல் தனியே காத்தலும் அலுவலகத்தின் அன்றாடப் பழக்கமாகவேண்டும். சில கருவிகள் தாம் மாற்றிய படத்தில் ஒரு முத்திரையை இடுகின்றன. ஆனால் படத்தின் ஓரத்தை நறுக்கினாலோ, திரையை மறுபடி படமெடுத்தாலோ அம்முத்திரை போய்விடக்கூடும். அதை நம்பியிருத்தல் போதாது.

ஆசிரியர்களுக்கு இக்கருவி வேறு வகையில் பயன்படும். புள்ளலூர்ச் சித்திரத்தின் அச்சுப் படமொன்றை நடுவில் வெட்டி, ஒரு பாதியை மாணவர்களிடம் கொடுக்கலாம். மறுபாதியை அவர்கள் கையால் வரையட்டும். ஒவ்வொன்றையும் ஏன் அங்கே வரைந்தனர் என்று காரணமும் எழுதட்டும். பின்பு அதே பாதியை இயந்திரத்திடம் மூன்று முறை கொடுத்து, வரும் மூன்றையும் பக்கத்தில் ஒட்டவேண்டும். இறுதியாக வெட்டி வைத்த மறுபாதியைக் காட்டலாம். மாணவன் தன் ஊகத்துக்குக் காரணம் எழுதியிருப்பான். இயந்திரத்தின் மூன்று படங்களிலும் காரணம் இராது. எல்லைக் கோட்டைச் சிவப்பு மையால் தடித்துப் போடும்படி மாணவர்களிடமே விட்டுவிடலாம்; ஊகத்தின் பக்கம் எது என்று எழுதும் வேலையையும் அவர்களே செய்வர். மண்டியா, மைசூரு பள்ளிகளுக்குச் சுவர் அருகிலேயே உள்ளது. காஞ்சிபுரத்துப் பள்ளிகளுக்குப் புள்ளலூரே அருகில். மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று, சித்திரக்காரர் எதை வரைந்தார், எதை விட்டார் என்று நிலத்தையும் படத்தையும் வைத்துப் பார்க்கச் செய்ய ஒரு பகல் போதும்.