எத்தனை அங்குலம் கெத்து?

போன கிழமை நாங்கள் சிலபேர் சேர்ந்து 'டேர்ட்டி ஹரி' (1971), 'டக்ஸி ட்ரைவர்' (1976) ரெண்டையும் அடுத்தடுத்துப் பாத்தம். முடிஞ்சாப்பிறகு வந்த கதை நடிப்பைப் பற்றியும் இல்லை, இசையைப் பற்றியும் இல்லை. துவக்கைப் பற்றித்தான். ரெண்டு படத்திலயும் வாறது ஒரே ரிவோல்வர்: ஸ்மித் அன்ட் வெசன் மொடல் 29, .44 மக்னம். கிளின்ட் ஈஸ்ட்வூட்டின்ர கையில ஆறரை அங்குலக் குழல். ரொபர்ட் டி நீரோ வாங்குறது எட்டு அங்குலத்துக்கும் மேல. "எது கெத்து?" எண்டு எங்களில ஒராள் கேட்டார். அந்தக் கேள்வி எங்களை விடேல்லை.

துவக்குப் பாவிக்கிறவைக்குக் குழல் நீளம் ஒரு கணக்கு. குழல் நீண்டால் வெடிமருந்தின் வாயு சன்னத்தைக் கூடுதல் நேரம் தள்ளும், வேகம் ஏறும். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையில தூரம் கூடுறதால குறி பிசகுவது குறையும். முன்பக்கப் பாரம் துவக்கு மேலே துள்ளுறதையும் கொஞ்சம் அடக்கும். ஆனால் இடுப்பில கொண்டு திரிய நாலு அங்குலம்தான் வசதி, உறையிலிருந்து எடுக்கவும் சுகம். 1950களின் நடுவில வந்த .44 மக்னம், வேட்டைக்காரரை மனசில வைச்சுச் செய்த ரவை. அதின்ர உதைப்புக்கு, நகரத்துப் பொலிஸ்காரன் ஒருவன் தினமும் காவித் திரியிற சாமான் அது இல்லை.

அப்ப ஹரி கலஹன் ஏன் அதைக் காவுறான்? திரையில தெரியவேணும் எண்டதுக்காக. நீளக் குழல் சட்டகத்துக்குள்ள ஒரு கோடு மாதிரி நீட்டிக்கொண்டு நிக்கும். பிடிச்சிருக்கிறவன் நீதிபதி மாதிரித் தெரிவான். சட்டம் சோம்பேறி, துவக்குத்தான் தீர்ப்பு எண்ட அந்தப் படத்தின்ர வாதத்தில பாதியை அந்தக் குழலே சொல்லிப்போடுது. விமர்சகர் போலின் கேல் அப்பவே அதில பாசிச வாடையைக் கண்டு எழுதினவர். அமெரிக்கச் சனமோ கடையில மொடல் 29ஐத் தேடி அலைஞ்சுது.

'டக்ஸி ட்ரைவர்' அதே அழகைக் காட்டித்தான் எங்களைப் பிடிக்குது. ஹோட்டல் அறையில வியாபாரி பெட்டியைத் திறக்கிறான். கமெரா குழல் வழியே மெல்ல ஊர்ந்துபோகுது. நகைக்கடை விளம்பரம் தோற்கும். ஆனால் அதுக்கு முதலே, டக்ஸியின் பின் இருக்கையில இருந்த ஒருவன், .44 மக்னம் ஒரு பெண்ணின்ர உடம்பை என்ன செய்யும் எண்டு ரசிச்சுக் கதைச்சுப்போட்டான். தன்ர மனைவியைத்தான் சொல்லுறான். அந்த வேடத்தில இருக்கிறது இயக்குநர் ஸ்கோர்செஸியே. கடைசியில ஒராளின்ர கை சிதறும்போது அந்தப் பளபளப்புக்கு விலை என்ன எண்டு விளங்குது. ஒரே துவக்கு, ஒரு படம் அதை வைச்சு வீரனைச் செய்யுது, மற்றப் படம் அதைப் பாத்து மயங்கின எங்களைக் கையும் களவுமாப் பிடிக்குது.

எங்கட வீடுகளில, வெடிச் சத்தத்தை வைச்சே அது என்ன ஆயுதம் எண்டு சொல்லக்கூடிய அம்மம்மாக்கள் இருக்கினம். குழல் எத்தனை அங்குலம் எண்டு அவைக்குத் தெரியாது. எந்தச் சத்தத்துக்கு பங்கருக்குள்ள ஓடவேணும் எண்டு தெரியும். துவக்கின்ர பின்பக்கத்தில நிண்டு பாக்கிறவனுக்குத்தான் நீளம் அழகு. முன்பக்கத்தில நிண்டவைக்குத் தெரிஞ்சது வாய் மட்டும்தான்.

இதுக்காகத் துவக்குப் படமே பாக்கக்கூடாது எண்டு நாங்கள் சொல்லேல்லை. நாங்களும் பாப்பம், விசிலும் அடிப்பம். ஆனால் கமெரா எங்களை எந்தப் பக்கத்தில நிறுத்தியிருக்கு எண்டதைக் கவனிக்காமல் ரசிக்கிறது எங்களுக்குச் சரிவராது. "எது கெத்து?" எண்டு கேட்ட நண்பருக்கு எங்களிட்டப் பதில் இல்லை. அவர்ட அம்மம்மாவையும் கூப்பிட்டு வைச்சுக்கொண்டு ரெண்டாம் படத்தை இன்னொருக்காப் பாப்பம் எண்டு மட்டும் சொல்லியிருக்கிறம்.