10 கோடியை எண்ணியது யார்?



நேற்று குடும்பக் குழுவில் ஒரு பட்டியல் வந்தது. 1600இல் இந்திய மக்கள்தொகை 10 கோடியாம். வீடு வீடாகப் போய் எண்ணினார்களா? இங்கே முதல் கணக்கெடுப்பே 1872இல்தான்.

அந்த 10 கோடி, 1920இல் மோர்லேண்ட் போட்ட மதிப்பீடு. வடக்கிற்கு அக்பர் காலத்துச் சாகுபடி நிலத்தை வைத்தார். தெற்கிற்கு? விஜயநகர, தக்காணப் படைகளை எடுத்து, ஒரு சிப்பாய்க்கு 30 பேர் என்று பெருக்கிவிட்டார். அந்த 30, முதல் உலகப்போருக்கு முந்தைய பிரான்ஸ், ஜெர்மனியின் விகிதம்! நம் பூட்டனை அளக்க ஐரோப்பியப் படி. பிறகு கிங்ஸ்லி டேவிஸ் 12.5 கோடி என்றார்.

மதிப்பீடு என்று சொல்லிப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது?

நானும் இதை ஒப்பிக்க வைத்தவன்தான். "சுமார்" என்று சேர்த்து எழுதிய பையனுக்கு அரை மதிப்பெண் குறைத்தேன். இதைப் படித்தால் வீட்டுக்கு வாப்பா.