குள்ளர் தொப்பியும் காவலர் தடியும்

தெருவில் கூடிக் கூத்தடிப்பது பொறுப்பற்றோர் செயல் என்றும், அநீதியை எதிர்ப்போர் இறுகிய முகத்தோடுதான் எதிர்க்க வேண்டும் என்றும் ஒரு கருத்து நம்மிடையே வேரூன்றி நிற்கிறது. கற்றறிந்தோரும் இதனை ஐயமின்றி ஏற்கின்றனர். வரலாறோ இதற்கு மாறாகச் சான்று பகர்கிறது.

போலந்து நாட்டில் 1981 டிசம்பர் 13 அன்று இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. 'சாலிடாரிட்டி' தொழிற்சங்கம் முடக்கப்பட்டது. மக்கள் சுவர்களில் எழுதிய முழக்கங்களை அரசின் ஆட்கள் சாயம் பூசி மறைத்தனர். 1982-இல் விரோட்ஸ்வாஃப் நகரில் வால்டெமார் ஃபிட்ரிக் என்ற இளைஞரும் அவர் நண்பரும் அச்சாயத் திட்டுகளின்மேல் குள்ளர் உருவங்களை வரையத் தொடங்கினர். குழந்தைக் கதையில் வரும் குள்ளனைக் கண்டு யார் அஞ்சுவார்? ஆயினும், தன் காலடியில் ஏதோ மறைக்கப்பட்டுள்ளது என்பதை வழிப்போக்கர் அனைவருக்கும் அந்தக் குள்ளன் நினைவூட்டிக்கொண்டே இருந்தான்.

இவர்களின் 'ஆரஞ்சு மாற்று' இயக்கம் 1987-இல் தெருவுக்கே வந்தது. அவ்வாண்டு அக்டோபரில், கடைகளில் கிடைத்தற்கரியதாயிருந்த கழிவறைத் தாளை வழிப்போக்கர்க்கு இலவசமாக வழங்கியது. நவம்பரில், ரஷ்யப் புரட்சி நாளின் முந்தைய மாலை சிவப்பு உடுத்தி வருமாறு மக்களை அழைத்தது. சிவப்பைப் போற்றிய அரசின் காவலரே சிவப்பு அணிந்தோரைப் பிடித்துச் சென்றனர்! 1988 ஜூன் 1, குழந்தைகள் தினத்தன்று, குள்ளர் தொப்பி அணிந்து ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் சென்றனர்.

தொப்பி அணிந்தவனைக் கைது செய்தால் அரசு நகைப்புக்கு இடமாகும். விட்டுவிட்டால் தெரு மக்களுடையதாகும். இந்த இக்கட்டில்தான் ஆதிக்கம் தடுமாறியது. சிரிப்பு மட்டுமே அவ்வாட்சியை வீழ்த்தியது என்று நாம் சொல்லவில்லை. 1988-இன் வேலைநிறுத்தங்களும், 1989-இன் வட்டமேசைப் பேச்சும், அவ்வாண்டு ஜூன் தேர்தலும் அதனைச் செய்தன. ஆனால், அஞ்சி வீட்டுக்குள் ஒடுங்கியவன் வேலைநிறுத்தத்திற்கு எவ்வாறு வருவான்? முதலில் அச்சம் அகல வேண்டும். பத்து நிமிடம் தொப்பி அணிந்து நிற்பது எளியவனும் ஏற்கக்கூடிய முதற்படி அல்லவா?

அப்படியாயின் தெருவில் நிகழும் விளையாட்டுகள் யாவும் போற்றத்தக்கவையா? இல்லை. 2009 ஜனவரியில் இலண்டன் லிவர்பூல் தெரு இரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கானோர் திடீரென நடனமாடினர்; பயணிகள் வியந்து மகிழ்ந்தனர். அது டி-மொபைல் நிறுவனம் மறைவாகப் படமெடுத்த விளம்பரம்! அங்கே மக்களின் வியப்பே விற்பனைச் சரக்காயிற்று. இன்றோ காய்கறி விற்கும் மூதாட்டியையும் களைத்து வரும் கூலித் தொழிலாளியையும் நடுத்தெருவில் திடுக்கிடச் செய்து, அதைப் படம்பிடித்துப் பணம் பண்ணுவோர் பெருகிவிட்டனர். இதையும் கலை என்கின்றனர். எளியவனின் கூச்சத்தை ஏலம் விடுவது கலையன்று, கொடுமை.

எனவே தெருக்கூத்து நிகழும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி, 'இது ஒழுங்கைக் குலைக்கிறதா?' என்பதன்று. யாருடைய ஒழுங்கு குலைகிறது? சிரிப்பின் விலையை யார் செலுத்துகிறார்? தடி ஏந்தியவன் செலுத்தினால் அக்கூத்தில் நாமும் தொப்பி அணிந்து நிற்கலாம். தெருவோரத்தில் பிழைப்பவன் செலுத்தினால், நாம் சிரிக்க மறுப்பதே நம் கடன்.